வண்டிப்பாறைத் தலைவியின் தங்கை

ஒத்தக்கடை
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஜெனிஷா இப்போதுதான் தூங்கினாள். அவர் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கிவந்து முடித்துவிட்டு, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிட்டார். உனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? குதிகால் வலி குறைந்ததா? விருமாண்டி அத்தான் நலமா? இங்கே நால்வரும் சுகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன் போனை அத்தான்தான் எடுக்கிறார். எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு, "தலைவர் தங்கச்சி பேசுது" என்று பேரூராட்சி ஆபீஸுக்கே கேட்க வைக்கிறார். இங்கே என் பக்கத்தில் அத்தை. நம் பேச்சில் பேசினால் அது தெலுங்கு இல்லை என்று தெரிந்துவிடும், தமிழில் பேசினால் எல்லாமே புரிந்துவிடும். நம் பேச்சுக்கு எழுத்து இல்லை, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. என்னோடு படித்த ரூத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அந்த முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை நான் ஜெனிஷாவைக் கூப்பிடப் போயிருந்தபோது ஒரு ஆள் வந்திருக்கிறார். வண்டிப்பாறை பேரூராட்சித் தலைவியின் கூடப் பிறந்தவள் வீடு இதுதானா என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு அம்புட்டுப் பெருமை. உட்காரவைத்து காபி கொடுத்திருக்கிறார்கள். நான் எந்தப் பள்ளியில் படித்தேன், எந்த வருடம் முடித்தேன் என்று அவர் கேட்டதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் என்னிடம், "உங்க அக்காவைப் பத்திப் பேப்பர்ல எழுதப் போறாக போல" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

இங்கே நம்மைப் பற்றித் தெரிந்தது உனக்குத் தெரியும். நாயக்கர், வீட்டில் தெலுங்கு, அக்காவுக்குப் பாத்திர வியாபாரம். நாம் சீப்பில் உதிர்ந்த முடிக்குப் பாத்திரம் கொடுத்துத் தெருத்தெருவாகப் போன சனம் என்பதோ, உன் பதவி பழங்குடிப் பெண்களுக்கு ஒதுக்கியது என்பதோ யாருக்கும் தெரியாது. ஜெனிஷா அப்பாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது எந்த வாயால் சொல்வது?

அந்த ஆளை யார் அனுப்பியது? தெரிந்தால் எழுது.

உன் தங்கை,
திவ்யா


வண்டிப்பாறை
14.7.2025

அன்புத் தங்கச்சி திவ்யாவுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது.

பார்வை: உன் கடிதம், நாள் 6.7.2025.

மேற்படி கடிதம் கிடைக்கப் பெற்றேன். சிரிக்காதே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், மூணு வருசமாகப் பைல் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. அதனால் இப்படித்தான் வரும். சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது. குதிகால் வலி நிலுவையில் உள்ளது. அத்தான் நலம். ஜெனிஷாவுக்கு என் முத்தம்.

வந்த ஆளை அனுப்பியது துணைத் தலைவர் ராஜபாண்டி. என் சாதிச் சான்று போலி என்று மனுப் போட்டிருக்கிறான். காரணம் கேள். குழாய் பதிக்க வந்த வடக்கத்திப் பையன்களுக்குக் கூலி பிடித்தம் ஆனபோது அவர்களோடு இந்தியில் பேசி, காண்ட்ராக்டரை நிறுத்திவைத்தேன் அல்லவா? காண்ட்ராக்டர் அவனுக்கு வேண்டியவன். கூட்டத்தில் எழுந்து, "தமிழு, தெலுங்கு, கன்னடம், இந்தி, அதுபோக வீட்டுப் பாஷை ஒண்ணு. அஞ்சு பாஷை பேசுறவ எப்படிங்க பழங்குடி ஆவா?" என்று கேட்டான். பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். முடி மூட்டையை எடுத்துக்கொண்டு ஆந்திராவில் ஏலூருக்கும் கர்நாடகத்தில் கொப்பளுக்கும் நாய்க்கடி பட்டு அலைந்தவளுக்குப் பாஷை வராமல் என்ன வரும்? அவன் அதைப் படிப்பு என்று நினைத்துவிட்டான்.

பயப்படாதே. நம் சான்று நிஜம். ஆறு வருசம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாங்கியது. வக்கீல் ஒரு விவரம் கேட்கிறார். உன் பள்ளிக்கூட டி.சி.யில் சாதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அவசரம்.

இப்படிக்கு,
அக்கா


ஒத்தக்கடை
29.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ரூத் கடையிலேயே நின்று படித்தேன். நீ நலம் என்று கண்டதில் நிம்மதி. குதிகாலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. வேளைக்குச் சாப்பிடு, கூட்டம் கூட்டம் என்று பட்டினி கிடக்காதே.

தாமதமாக எழுதுகிறேன். ஜெனிஷாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஊசி குத்தும்போது அவள் நம் பேச்சில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். அத்தை, "பிள்ளை ஜன்னியில் என்னவோ உளறுது" என்று சிலுவை போட்டார்கள். பிள்ளையிடம் நான் நம் பேச்சில் பேசுவது மிக்ஸி ஓடும்போது மட்டும்தான். சட்னி அரைபடும் நேரத்தில் எத்தனை வார்த்தை ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் நல்லவர் அக்கா. பிள்ளைக்காக மூன்று நாள் லீவு போட்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்துப் பால்காரரோ கரண்டு பில்லோ வந்துவிடும். அதிலும் எனக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அதை என்ன சொல்ல.

காய்ச்சல் அலைச்சலில் பீரோவைத் திறந்து பார்க்க முடியவில்லை. பார்த்து எழுதுகிறேன்.

திவ்யா


வண்டிப்பாறை
5.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? உடனே தெரிவிக்கவும். இங்கே இருவரும் நலம்.

விசாரணைக் குழுவிலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். மரியாதையான ஆள்தான். என் அறையிலேயே உட்கார்ந்து, தண்ணிக்கு என்ன சொல்வீர்கள், நெருப்புக்கு என்ன சொல்வீர்கள், பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு தாலாட்டுப் பாடச் சொன்னார். கவுன்சிலர்கள் வாசலில் நிற்கிறார்கள். சாக்கடை டெண்டர் பைல் என் மடியில் இருக்கிறது. பாடினேன். எனக்குத்தான் பிள்ளையில்லை, நான் உனக்குத்தானே பாடியிருக்கிறேன், அது மறக்குமா? ராஜபாண்டி, "தலைவரே, அப்படியே ஒரு ஆட்டமும் போட்டுருங்க" என்றான். "ஆட்டம் கெடக்கட்டும் ராஜபாண்டி, உன் வார்டு சாக்கடை பில்லை ராகம் போட்டுப் படிக்கவா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனைத் தவிர.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். அது கிடக்கட்டும்.

குழு அடுத்தபடியாகக் கூடப் பிறந்தவர்களின் பள்ளிச் சான்றைக் கேட்கும். அக்காள் ஒரு சாதி, தங்கச்சி ஒரு சாதி என்று இருந்தால் அக்காளின் சான்று ரத்தாகும், பதவி போகும், பொய்ச் சான்று என்று கேஸும் வரும் என்கிறார் வக்கீல். உன் டி.சி.யில் என்ன இருக்கிறது? ஒரு வரி போதும்.

அக்கா


ஒத்தக்கடை
2.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூசுகிறது. நாலு வாரம் உன்னைக் காக்கவைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு ரொம்ப நாள் ஆகிறது. பீரோ சாவியும் என் இடுப்பில்தான் இருந்தது. பார்க்காமல் இல்லை. பார்க்காமலே எனக்குத் தெரியும்.

டி.சி.யில் "இந்து நாயக்கர்" என்று இருக்கிறது. கல்லூரிச் சான்றிலும் அதுதான்.

பள்ளியில் யார் அப்படி எழுதினார்கள் என்று தெரியாது, அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்லூரியில் எழுதியது நான். நீ தாலுகா ஆபீஸ் வாசலில் கிடந்து வாங்கிய என் சாதிச் சான்றை ரிஜிஸ்டர் தபாலில் விடுதிக்கு அனுப்பினாய். நான் அதைப் பெட்டிக்கு அடியில் செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். விண்ணப்பத்தில் பழையபடியே நிரப்பினேன். பக்கத்துப் படுக்கைப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம். உதவித்தொகை வரவில்லை, ஏதோ தகராறு என்று உனக்குப் பொய் எழுதினேன். நீ மூன்று வருடம் இன்னும் நாலு தெரு கூடுதலாக நடந்தாய். குதிகால் வலி அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

திவ்யா


வண்டிப்பாறை
9.9.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பார்வை: உன் கடிதம், நாள் 2.9.2025.

திட்டுவதற்கு முகாந்திரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதவைத்தது நான். மிஷன் விடுதியில் உன்னைச் சேர்க்கக் கூட்டிப்போனபோது எனக்கு இருபது வயது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "நீங்க என்ன ஆளுக?" என்றார். ரோட்டில் எத்தனை ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன்! ஒரு ராத்திரி தங்க ரூம் வேண்டுமென்றால் "நாயக்கர்" என்றுதான் சொல்ல வேண்டும். நிஜத்தைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டுதான். அதே வாய்ப்பழக்கத்தில் அங்கேயும் சொல்லிவிட்டேன். வாசலைத் தாண்டியதும் உறைத்தது. திரும்பிப்போய் மாற்றச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வருசம் நிஜத்தைச் சொல்லிச் சேர்ந்த நம் சனத்துப் பிள்ளையின் பக்கத்தில் யாரும் பாய் போடவில்லை என்று அதன் அம்மா சொல்லியிருந்தாள். ரூம் பிடிக்கச் சொன்ன பொய்யை உன் படிப்புக்கு அடியில் நான்தான் வைத்தேன். நீ அதன்மேல் நின்றுவிட்டாய். அவ்வளவுதான்.

இப்போது வக்கீல் ஒரு வழி சொல்கிறார். விசாரணை அக்டோபர் 24-ஆம் தேதி. அன்றைக்கு நான், திவ்யா கூடப் பிறந்தவள் இல்லை, ரோட்டில் கிடைத்து எங்கள் அம்மா எடுத்து வளர்த்த பிள்ளை என்று எழுதிக் கொடுத்தால், உன் சான்று என்னைத் தொடாது. நீயும் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உனக்கும் நல்லது. உன் வீட்டு வாசலுக்கு யாரும் வர மாட்டார்கள். மாப்பிள்ளைக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஒரு காகிதம்தானே.

யோசித்து எழுது. மாப்பிள்ளையையும் உன் அத்தையையும் கேட்டதாகச் சொல். பிள்ளைக்கு முத்தம்.

அக்கா


ஒத்தக்கடை
16.9.2025

அக்கா,

நீ சொல்வதுபோலவே செய்யலாம். படிவத்தை அனுப்பு.

திவ்யா


வண்டிப்பாறை
27.9.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். உறுதிமொழிப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பென்சிலில் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடவும். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் "தெரியாது" என்று உன் கையாலேயே எழுத வேண்டுமாம், டைப் அடித்தால் செல்லாதாம்.

ஊர்ச் செய்தி: வடக்குத் தெருவில் குழாய் வந்துவிட்டது. திறந்துவிட்ட அன்றைக்கு எல்லாரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். தெலுங்கு பேசும் நெசவாளர் தெரு, மேலத்தெரு, நம் சனம் நாலு வீடு, எல்லாம் ஒரே வரிசை. யார் முதலில் பிடிப்பது என்று சண்டை வந்து, ஒவ்வொருத்தரையும் அவரவர் பாஷையில் திட்டி நிறுத்தினேன். சந்தோசமான நாள். இன்னும் ஒன்றரை வருசம் பதவி இருந்தால் தெற்குத் தெருவையும் முடித்துவிடுவேன்.

வக்கீல் நம் அம்மாவைப் பற்றிக் கேட்டார். எப்போது இறந்தார், யார் பக்கத்தில் இருந்தது என்று. நான் மட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னை யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லவும்.

தீபாவளிக்கு முன்னால் படிவம் வந்து சேர்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
முனீஸ்வரி


ஒத்தக்கடை
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? சர்க்கரை பார்த்தாயா? இந்த மாதிரி நேரத்தில் உனக்கு ஏறும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை உன் கடிதத்தில் "அக்கா" என்று முடிக்காமல் பெயரைப் போட்டிருந்தாய். வக்கீல் பார்க்கக்கூடும் என்று போட்டாயா, வேறு எதற்காவது போட்டாயா என்று எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் தெரியுமா.

படிவத்தை நிரப்பினேன். "தெரியாது" என்று எழுதினேன். இரண்டு கையெழுத்தும் போட்டேன். தபால்தலை வாங்கவில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

புதன்கிழமை அந்த ஆய்வாளர் அம்மா இங்கே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், காலை பத்து மணிக்கு. ஜெனிஷா அப்பா வேலைக்குப் போயிருந்தார். அத்தைதான் கதவைத் திறந்தார்கள். ஜெனிஷாவுக்கு லீவு, கூடத்தில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"முனீஸ்வரி உங்களுக்கு என்ன உறவு?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டார்கள். "இது என்ன கேள்விங்க? கூடப் பெறந்த அக்கா. மூக்கைப் பாருங்க, நெத்தியைப் பாருங்க. அந்தம்மா தலைவரு, இவ டிகிரி."

ஆய்வாளர் பைலைப் புரட்டிக்கொண்டே, "எடுத்து வளர்த்த பிள்ளைன்னு அவங்க எழுதிக் கொடுக்கப் போறதா வக்கீல் சொன்னாரே" என்றார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு, இவளையா?"

கைப்பை நாற்காலியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அக்கா, நீ என்னைத் தூக்கி வளர்த்ததோ, நாலு தெரு நடந்ததோ எதுவும் அப்போது எனக்கு நினைவு வரவில்லை. அத்தை அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட விதம் மட்டும்தான் காதில் இருந்தது. ரோட்டில் கிடைத்தவள் என்று நான் ஒத்துக்கொண்டால், இனிமேல் இந்த வீட்டில் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள், என் பிள்ளையையும்தான். பொய் சொன்னாலும் நிஜத்தைச் சொன்னாலும் நான் நேற்று வரை இருந்த மருமகள் இல்லை. அப்படியென்றால் எதற்குப் பொய்?

"கூடப் பிறந்த அக்காதான்" என்றேன். என் பழங்குடிச் சான்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். டி.சி.யில் எப்படித் தப்பாக ஏறியது, கல்லூரியில் நான் ஏன் அதைத் திருத்தவில்லை என்று அத்தையை வைத்துக்கொண்டே சொன்னேன். பக்கத்துப் படுக்கைப் பெண் வரைக்கும். ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு அக்காவிடம் பேசுகிற பேச்சில் ஏதாவது பேசச் சொன்னார். என்ன பேசுவது? காலையில் இட்லி கல்லாகிவிட்டது, பிள்ளை நாலு வாய் துப்பிவிட்டாள், தக்காளி விலை ஏறிவிட்டது என்று பேசினேன். நாலு வருடமாக இந்தக் கூடத்தில் சத்தமாக அதைப் பேசியதில்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. ஜெனிஷா தட்டைத் தள்ளிவிட்டு, இன்னொரு இட்லி வேண்டாம் என்று நம் பேச்சிலேயே சொன்னாள். ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆய்வாளர் போன பிறகு அத்தை பிள்ளையின் தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஜெனிஷா அப்பாவிடம் நானே சொன்னேன். "என்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலையில் 24-ஆம் தேதிக்கு லீவு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். என்னோடு வருவதற்கா, வேறு எதற்காவதா என்று கேட்கத் தைரியம் இல்லை.

இன்றைக்கு ஞாயிறு. அத்தை மாதா கோயில் பூசைக்குத் தனியாகப் போனார்கள். எப்போதும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். திரும்பி வந்து, குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்கள்: "கல்யாணத்தன்னைக்கு உங்க அக்கா பந்தியில உக்காராம, கடைசியா சமையக்கட்டு வாசல்ல நின்னு சாப்பிட்டாளே, அது இதுக்குத்தானா?" ஆமாம் என்றேன். அத்தை சேலைகூட மாற்றாமல் சமையல்கட்டுக்குப் போனார்கள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் சாதம் வடித்தது அவர்கள்தான். எனக்கும் சேர்த்துத்தான் வடித்திருந்தார்கள்.

எனக்கு இப்போது பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான். இதனால் உன் சான்று நிற்குமா, நானே உன் பதவியை முடித்துவிட்டேனா? தெற்குத் தெருக் குழாய் என்ன ஆகும்? ஆய்வாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அசல் சான்றுகளோடு 24-ஆம் தேதி நேரில் வாருங்கள் என்றார், அம்புட்டுத்தான். வக்கீல் என்ன எழுதி வைத்திருந்தாலும், எடுத்து வளர்த்த பிள்ளை என்று நீ கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் திரும்ப வாங்கு. அம்மா இறந்தபோது பக்கத்தில் யார் இருந்தது என்று என்னைக் கேட்டால் இருவரும் என்றுதான் சொல்வேன். நீயும் அப்படியே சொல்.

24-ஆம் தேதி எந்த ஆபீஸ், எத்தனை மணிக்கு, என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும் என்று எழுது. ரூத் கடைக்கு வேண்டாம், வீட்டு முகவரிக்கே அனுப்பு. தபால் மூன்று நாள் எடுக்கிறது, நடுவில் தீபாவளி லீவு வேறு. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை,
திவ்யா